கரையேறிய இறால்

"இல்லைன்னா இல்லைதான். வேற எங்கயாவது பாருங்கண்ணே!"

ஃபோர்மேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? கண்ணெதிரே நாலு கூடை, நாலிலும் குவியக் குவிய ஆற்று இறால். இவ்வளவு இறாலை ஒரே நாளில் அவர் பார்த்ததே இல்லை. இவள் என்னடாவென்றால் மூஞ்சியில் அடித்தாற்போல் இல்லை என்கிறாள்!

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? அது இறால் இல்லாம கூழாங்கல்லா?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே."

"ஓட்டல்காரன் மொத்தமாக் கேட்டிருப்பான். அதான் ஏழு வருஷமா வாங்கறவன் வேண்டாதவனாப் போயிட்டேன்!"

இறால்காரி நிமிரவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து சாய ஆலையிலிருந்து நேராக வந்திருந்தார் ஃபோர்மேன். பசி வேறு.

"என் பொண்ணுக்கு ஏழு மாசம். எதைக் கொடுத்தாலும் வாந்தி. இறால் மட்டும் வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருக்கா. புள்ளத்தாச்சிக்குக் கொடுக்கக்கூட மனசு வரல, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அவள் முதல் கூடையைத் தூக்கிக் குழிக்குள் கவிழ்த்தாள்.

"அடிப்பாவி! திங்கற பொருளை மண்ணுல கொட்டறியே, நீ நல்லா இருப்பியா?"

அவ்வளவுதான், அவளுக்கும் வந்துவிட்டது கோபம்.

"வலை போட்டா பிடிச்சேன்? விடிஞ்சதும் ஆத்துக்குப் போறேன், தண்ணிக்குள்ள மூச்சு முட்டி அத்தனையும் கரையேறித் துடிக்குது. தண்ணி நீலமா ஓடுது, குடலைப் புரட்டற நாத்தம். மேல இருக்கற நாலு ஆலையில எந்தப் பாவி கழிவைத் திறந்துவிட்டானோ! சும்மா கிடைக்குதேன்னு சனங்க அள்ளித் தின்னுடக் கூடாதுன்னு, முதுகொடிய நானே பொறுக்கிட்டு வந்தேன். இனி எத்தனை மாசத்துக்கு எனக்குப் பொழப்பு இல்லையோ! இதைப் போய் உங்க பொண்ணுக்குக் கேக்கறீங்களே!"

ஃபோர்மேனின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. வால்வுச் சாவி அதற்குள்தான் இருந்தது. கழிவுத் தொட்டி நிரம்பிடுச்சு, திறந்துவிடுன்னு ராத்திரி முதலாளி சொன்னார். இவரும் திறந்துவிட்டார்.

அவள் அடுத்த கூடையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்களே சொல்லுங்கண்ணே... திறந்துவிட்டவன் வீட்ல ஒரு புள்ளத்தாச்சிகூடவா இருக்க மாட்டா?"