வெற்றிச் சுற்று

கடைசி வளைவில் அமெரிக்க வீரன் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான்.

"நாசமாய்ப் போவான். இண்டைக்கும் கவிட்டுப்போட்டான்." நிக்கலஸ் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தான்.

டென்மார்க்கின் எஸ்பியர்க் பந்தயத் திடலே சொந்த நாட்டுக்காரனின் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

"இங்கிலாந்துக் கிளப்புக்கு ஓடுற அமெரிக்கனுக்கு நீ ஏன்ரா அந்தரப்படுறாய்? அவன் உன்ர மச்சானோ?" என்றார் பக்கத்தில் நின்ற ஸ்ரிபன்.

"அவன் வெண்டு சுத்திவந்தால்தான் அண்ணை, லண்டன் டிவிக்காரன் கமராவை இந்தப் பக்கம் திருப்புவான்."

"திருப்பினால்?"

"மனுசி பிள்ளையோட லண்டனில தமையன் வீட்டில நிக்கிறாள். இஞ்ச கூப்பிட விசா குடுக்கிறாங்களில்லை, எனக்கும் அங்க போகேலாது." நிக்கலஸ் தொப்பியைப் பொறுக்கித் தூசி தட்டினான். "மகள் என்னைப் படத்தில மட்டும்தான் கண்டவள். அப்பா கையசைக்கிறதை இண்டைக்காவது பாக்கட்டும் எண்டு நினைச்சன்."