வயர்லெஸ் தமிழ்

“அம்மா, மேசையிலை இருந்து சாப்பிடுற ஆள் ஆர்?”

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த ஜெசிதா, குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“நேவி அட்மிரல். இப்ப பென்சன் எடுத்திட்டார்” என்றாள் தாய் யோசப்பின், நண்டுக்கறியை அள்ளியபடி.

ஜெசிதாவுக்கு முகம் சிவந்தது.

“அப்பா கடலிலை செத்தது உவையின்ரை குண்டிலை. உந்தாளுக்கு நண்டுக்கறியோ? குருநகர் முழுக்க எங்களைப் பாத்துக் காறித் துப்பப் போகுது.”

“துப்பட்டும். நீ இந்தத் தண்ணியைக் கொண்டுபோய் வை.”

கிளாஸை ‘டக்’கென்று மேசையில் வைத்தாள். நரைத்த தலையோடு இருந்த மனிதர் நிமிர்ந்தார்.

“நன்றி பிள்ளை. இருங்கோவன்.”

ஜெசிதா திடுக்கிட்டாள். சிங்களவர் பேசுகிற தமிழாக இல்லை. அசல் குருநகர்த் தமிழ்.

“ஆரிட்டைத் தமிழ் படிச்சனீங்கள்?”

“உங்கடை அப்பாவிட்டை.”

குசினிக்குத் திரும்பப் போனவள் நின்றாள்.

“நேரிலை கண்டதில்லை. இயக்கப் படகுகளுக்கு அவர் வயர்லெஸ்ஸிலை கட்டளை குடுப்பார். அடுத்து என்ன செய்வார் எண்டு தெரியவேணுமெண்டால் அவரின்ரை பாஷை தெரியவேணும். வருசக்கணக்கா ஒட்டுக் கேட்டன்.”

“கேட்டு வெண்டிட்டீங்கள்.”

“கனதரம் தோத்தன் மகள். கொழும்பிலை நேவிக்குத் தலைவரா இருந்த எங்கடை பெரியவர், பெரிய கப்பல்தான் வேணும் எண்டு நிண்டார். சின்னப் படகிலை கூட்டமா வாறவைக்குப் பெரிய கப்பல் சுகமான குறி. அது உங்கடை அப்பாவுக்கு விளங்கினது. எங்கடை பெரியவருக்குக் கடைசிவரை விளங்கேல்லை. வாய் திறந்த என்னை மேசை வேலைக்கு மாத்தினார். நான் அறிஞ்ச தளபதியளுக்குள்ளை பெரிய கெட்டிக்காரன் எங்கடை பக்கத்திலை இருக்கேல்லை. இதை நான் வெளியிலை சொன்னதில்லை.”

சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“ஒருக்கால் எங்கடை படகொண்டு எரிஞ்சு பொடியள் தண்ணியிலை கிடந்தினம். ‘நீந்துறவைக்குச் சுடாதேங்கோ’ எண்டு அவர் கத்தினது இப்பவும் காதிலை நிக்குது.”

ஜெசிதா மேசைக்குக் கிட்ட வந்தாள்.

“இன்னொருக்கால், சண்டை ஓய்ஞ்ச கையோடை, ‘மகளுக்குக் காய்ச்சல், விட்டுதோ எண்டு ஆராவது கேட்டுச் சொல்லுங்கோ’ எண்டார். பதில் வரமுதல் சத்தம் அறுந்திட்டுது. அந்தப் பிள்ளை நீங்களோ?”

தலையை மட்டும் ஆட்டினாள்.

“காய்ச்சல் விட்டுதோ?”

“ஓம்” என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தாள்.

“இன்னும் சொல்லுங்கோ.”

பொழுதுபடத்தான் அவர் போனார்.

ஜெசிதா குசினிக்குள் வந்தாள். “அவரா வரேல்லை, என்ன? நீங்கள்தான் கூப்பிட்டனீங்கள்.”

“ஓம். அப்பாவின்ரை குரலை வயர்லெஸ்ஸிலை வருசக்கணக்கா கேட்ட ஆள் எண்டு கோயில் பாதர் சொன்னவர். அவரைக் கொண்டுதான் கூப்பிட்டன்” என்றாள் யோசப்பின். “அப்பா எப்பிடிப்பட்டவர் எண்டு சின்னனிலை இருந்து கேப்பாய். எனக்கு வீட்டு மனுசனைத்தான் தெரியும். அவரோடை கடலுக்குப் போனவை ஒருத்தரும் மிச்சமில்லை. தெரிஞ்ச சனம் அவரின்ரை பேரைச் சொல்லவே பயப்பிடுது.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“பயப்பிடாமல் அவரைப் புகழக்கூடிய ஆள், அவரோடை சண்டை பிடிச்ச இந்த மனுசன் ஒருத்தர்தான் பிள்ளை.”