பனித்தீவில் ஒரு சிவப்புக் கோடு

"யார் பார்த்த வேலை இது?"

சுவரிலிருந்து கழற்றிய வரைபடத்தை மகள் தூக்கிக் காட்டினாள்.

வடதுருவத்துப் பக்கம், ஆளே இல்லாத ஒரு பனித்தீவு. பழைய காலத்து மாலுமிகள் கையால் வரைந்தது. கப்பலிலேயே ஆயுளைக் கழித்த அப்பா கொண்டுவந்த ஒரே பொக்கிஷம். அதன் குறுக்கே பட்டையாக ஒரு சிவப்புக் கோடு.

"நான்தான்," என்றாள் அண்ணி.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"அருங்காட்சியகத்துலேர்ந்து வந்து நிக்கிறாங்க அண்ணி! அப்பா பேரோட கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. அழிச்சாவது பார்த்தீங்களா?"

"அழியாது. அழியாத மையாத் தேடி வாங்கினேன்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! அப்பாவுக்கு நினைவு தப்பிடுச்சுன்னா என்ன வேணா செய்யலாமா?"

அண்ணியின் கண் உள்ளறைக் கதவிலேயே இருந்தது. "அப்புறம் திட்டும்மா. முதல்ல அதை மாட்டு. மாமா எழுந்திரிக்கிற நேரம்."

"எழுந்து வரட்டும். மருமக லட்சணத்தை அவரே பார்க்கட்டும்."

கதவு திறந்தது. அப்பா வந்தார். மகளை அடையாளம் தெரியவில்லை. வெறும் ஆணியைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் போனார். திரும்பினார். வாசல் பக்கம் போனார். மறுபடி ஆணி. கால்கள் பின்னின, நெற்றியில் வியர்வை.

"என்னப்பா வேணும்?"

அப்பா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி படத்தைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள்.

"அவர்கிட்ட கேட்காதே. கூசிப்போயிடுவார்," என்று கிசுகிசுத்தாள். "கையைப் பிடிச்சா உதறுறார். கதவுல எழுதி ஒட்டினேன், 'நான் என்ன குழந்தையா'ன்னு கிழிச்சுட்டார். சாதா மையில போட்ட கோடு அவர் விரல் பட்டே கரைஞ்சு போச்சு."

அப்பாவின் விரல் விரிகுடாவில் தொடங்கி, சிவப்புக் கோட்டில் ஊர்ந்தது. "நீரிணையில நேரா... பாறையைத் தாண்டி இடப்பக்கம்..."

முதுகு நிமிர்ந்தது. கேப்டன் நடை. கூடத்தில் நேராகப் போனார். அலமாரியைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினார். கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கலாங்களா மேடம்?" வாசலிலிருந்து குரல்.

மகள் கோணலாகத் தொங்கிய படத்தை நேராக்கினாள்.

"மன்னிச்சுக்குங்க. இது இன்னும் புழக்கத்துல இருக்கு."