பொய் சொல்லாதவன்

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். மறைக்க இனி ஒன்றுமில்லை. எல்லாம் சுவரில் தெரிந்தது.

மார்பில் தொடங்கி ஈரல் வரைக்கும் போய்விட்டதாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் மிளகளவுதான் இருந்திருக்கும், எடுத்து எறிந்திருக்கலாம் என்றார். அரிசி விலை சொல்கிற குரல்.

"வந்தோமே டாக்டர்," என்றான் அவள் கணவன்.

வந்தார்கள்தான். கல்யாண மண்டபத்தில் இலவச மார்பகப் பரிசோதனை முகாம். நாற்பது முடிந்தவர்களுக்கு மட்டும். நர்ஸ் வயது கேட்டபோது அவன்தான் முந்திக்கொண்டான். முப்பத்தேழு நடக்கிறது என்றான்.

நர்ஸ் நல்லவள். இவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். நாற்பது முடிந்ததாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் மறுத்துவிட்டான். மளிகைக் கடைக்காரன். தராசில் ஒரு கிராம் ஏமாற்றாதவன் என்று ஊரில் பெயர். இருக்கிற வயதைத்தான் சொல்லணும் என்று நர்ஸுக்கே புத்தி சொன்னான்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையைவிடப் பெண் இரண்டு வயது மூத்தவள் என்றால் எவன் கட்டுவான்? அவள் அப்பா ஜோசியரைப் பிடித்து, ஜாதகத்தில் ஐந்து வயதை விழுங்கிவிட்டார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார், ஜோசியரும் போய்ச் சேர்ந்தார். விஷயம் தெரிந்தவள் என்று மிச்சமிருப்பது அவள் மட்டும்.

அன்று வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்கவில்லை. முப்பத்தேழுக்குத் தகுந்தபடி கொஞ்சம் வெட்கப்பட்டுக்கூட வைத்தாள்.

டாக்டர் இப்போது வயது கேட்டார்.

தை பிறந்தால்தான் நாற்பது முடிகிறது என்றான் அவன். இப்போதும் ஒரு மாதம் கூட்டிச் சொல்ல மனசு வரவில்லை.

அவள் தலையாட்டினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் உடைந்துபோனான். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"அன்னைக்கு ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா நீ பொழச்சிருப்பே. பாவி, சொல்லாமப் போனேனே."

அவள் அவன் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள். "உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே."