முன் இருக்கை

தஞ்சோங் ஹராப்பான் கடலோரம் நெடுநேரம் நடந்துவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும்போது, முன் இருக்கை கோப்பி என்ற நாய்க்குத்தான். நான்கு வருடமாக அதில் மாற்றமே இருந்ததில்லை. இன்று ராஜினி பின்கதவைத் திறந்து, "இங்க ஏறுடா" என்றாள்.

முன் இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் கார் கிளம்பியதும் பெல்ட் போடச் சொல்லும் மணி விடாமல் அடித்தது. ராஜினி எட்டி அந்தப் பெல்ட்டை மாட்டியதும் நின்றது.

கோப்பி மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. எந்த வாசனையும் இல்லை. வாசனையே இல்லாததைப் பார்த்து எப்படிக் குரைப்பது?

வழியில் பீசாங் கோரெங் என்ற வாழைப்பழ பஜ்ஜி விற்கும் அண்ணன் வழக்கம்போல ஒரு துண்டை முன் ஜன்னலுக்குள் நீட்டினார். அது வாராவாரம் கோப்பிக்குக் கிடைக்கும் துண்டு. அவர் கை வெறுமையாகத் திரும்பியது. கோப்பி உறுமியது.

"பின்னால உள்ளவனுக்குப் பொறாமை லா அக்கா."

"பழகிடும் அண்ணே," என்றாள் ராஜினி.

வீட்டில் தண்ணீர்த் தட்டு ஒன்றுதான். ராஜினி அதை நிரப்பி வைத்தாள். கோப்பி கிட்டே போகவில்லை. சளப் சளப்பென்ற சத்தத்தோடு தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, தட்டின் அடி தெரிந்தது.

"நல்ல பிள்ளை," என்றாள் ராஜினி, கோப்பியைப் பார்க்காமல்.