அசையாமல் பத்து எண்ணிக்கை

போன வருடம் திருமதி மார்ஸ்டன் தன் மூத்த மகள் ஹெஸ்டரைப் படமெடுத்தபோது, பளிங்கு மாதிரி இருந்த அவள் முகம் கண்ணாடித் தகட்டில் மட்டும் புள்ளி புள்ளியாக விழுந்தது. மூன்றாம் நாள் அவளுக்கு அம்மை போட்டது. அன்றிலிருந்து லண்டன் டாக்டர்களைவிடத் தன் காமிராவையே திருமதி மார்ஸ்டன் அதிகம் நம்பினாள்.

இன்று தெருவில் மறுபடி அம்மை என்று கேள்விப்பட்டதும், இளையவள் ஃபிலிப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

"பத்து எண்ணுற வரைக்கும் அசையாதே. ரெண்டு பிஸ்கட் தரேன்."

"அக்காவுக்கு மூணு குடுத்தீங்களே! நாலுன்னா பேசலாம்மா."

"கொள்ளைக்காரி! சரி, நாலு."

படமெடுத்துக் கழுவிப் பார்த்தபோது, தகட்டில் காலி நாற்காலி மட்டும் விழுந்திருந்தது.

"நீ அசைஞ்சிட்டேடி."

"மூச்சுகூட விடலம்மா! அக்காவையே கேளுங்க."

"கல்லு மாதிரிதான் இருந்தாம்மா," என்றாள் ஹெஸ்டர்.

திருமதி மார்ஸ்டன் புதுத் தகட்டைப் பொருத்தினாள். லென்ஸ் மூடியைத் திறந்து மூட ஹெஸ்டரை நிற்கவைத்துவிட்டு, சின்னவளை மடியில் இறுக்கி அணைத்தபடி தானே உட்கார்ந்தாள்.

பிறகு இருட்டறையில் தகட்டின்மேல் மருந்தை ஊற்றினாள். ஜன்னலும் அவள் முகமும் தெளிவாக எழுந்துவந்தன. கைகள் வெறும் காற்றை வளைத்திருந்தன. அவற்றின் கீழே அவளுடைய பட்டுப் பாவாடை, ஆறு வயதுக் குழந்தையின் கனத்துக்கு அமுங்கியிருந்தது.