ஐந்து நாள் முன்னதாக

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் அதிகாரி கிரெஸ்லர், மெஸ்ஃபினின் எத்தியோப்பியப் பாஸ்போர்ட்டை எச்சில் இலையைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினாள்.

“நூத்தி எண்பத்தஞ்சு நாள் வெளிநாட்டுல இருந்திருக்கீங்க. ஆறு மாசம் தாண்டினா, இங்க தொடர்ந்து இருந்த கணக்கு முறிஞ்சிடும். தெரியாதா?”

“எங்க காலண்டர்ல சரியா ஆறு மாசம்தான் மேடம். வருஷக் கடைசில தனியா அஞ்சு நாள் வரும். அதை மாசத்துல சேர்க்க மாட்டோம்.”

“வருஷத்துக்குப் பதிமூணு மாசம் வச்சிருக்கீங்க. ஆனா நாள் எண்ணத் தெரியலை.”

அங்கே அவன் மனைவி ஹிருத் நான்கு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைப் புதைத்து, நாற்பதாம் நாள் சடங்கையும் முடித்துவிட்டுத்தான் அவன் விமானம் ஏறினான்.

கிரெஸ்லர் நிராகரிப்புத் தாளில் கையெழுத்திட்டு அவன் பக்கம் தள்ளினாள். “இன்னும் சில வருஷம் கழிச்சு வாங்க.” பிறகு கணினித் திரையைப் பார்த்தாள்.

“உங்ககூடவே மனு போட்ட உங்க மனைவிக்குப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு அஞ்சு நாள் முன்னாடியே திரும்பிட்டாங்க. விமான நிலையத்துல கைரேகை வச்சிருக்காங்க.”

“அவ செத்துட்டா மேடம்.”

“ஆறு மாசம் தாண்டினவங்க எல்லார் வீட்டுலயும் ஒரு சாவு இருக்கும்.”

அவன் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்து அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

“வாங்கம்மா, உட்காருங்க. உங்க வீட்டுல ஒருத்தராவது நாள் பார்த்து வந்தீங்களே.”

பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த கோட்டை எடுத்து, மெஸ்ஃபின் தன் மடியில் வைத்துக்கொண்டான்.